இளவேனிலிற் கடாரம் காண்போம்

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் பருவம் என நம் முன்னோர் வகுத்தனர். மா தளிர்ப்பதும் வேம்பு பூப்பதும் அப்பருவத்தின் அடையாளங்கள் என்பர். நாம் வாழும் தங்காக்கிலோ, லேடாங் மலையின் அடிவாரம் ஆண்டு முழுவதும் ஒரே பச்சையாய் இருக்கிறது. எனினும் தோட்டத்து மக்களாகிய நமக்கும் ஓர் இளவேனில் உண்டு. மாசித் திங்களில் இலையுதிர்த்து மொட்டையாய் நிற்கும் பால்மரம், சித்திரை பிறக்குமுன் செந்தளிர் விடுகிறதே, அதுவே நம் இளவேனில். பால் குறையும் காலம் ஆதலின், கைக்குச் சிறிது ஓய்வும் பைக்குச் சிறிது வறட்சியும் ஒருங்கே வருங் காலமும் அதுவே.

அத்தகைய ஓய்வு நாளொன்றில், தங்காக் கடைத்தெருவில், நண்பர் ஒருவருடைய துணிக்கடையின் மாடியில் சிலர் கூடினர். யாமும் சென்றிருந்தோம். வரும் விடுமுறையில் குடும்பங்களோடு எங்கே செல்வது என்பதே பேச்சு. பழைய வரலாறு நிறைந்த நாடு ஒன்றைக் காணவேண்டும் என்பதில் அனைவரும் ஒருமித்தனர். எந்த நாடு என்பதில்தான் வேற்றுமை எழுந்தது. கடைக்கார நண்பர் கிரேக்கம் என்றார். ஆசிரியர் ஒருவர் எகிப்து என்றார். முதியவர் ஒருவர், தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் பாராமற் கண்மூடுவதோ என வருந்தினார். அப்போது இளைஞர் ஒருவர் எழுந்து, “நாம் இருக்கும் நாட்டிலேயே கடாரம் இருக்கிறது. கடாரங்கொண்டான் மரபினர் நாம். புலிக்கொடி பிடித்துப் போய்வருவோம்!” என்றார். கைதட்டல் வானைப் பிளந்தது.

வாயிலருகே ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். முப்பது ஆண்டு பால்வெட்டிக் கை காய்த்தவர். அவர் எம்மை நோக்கி, “தம்பி, நீங்கள் படித்த கிராணி, சொல்லுங்கள். ராசா வந்தார், சரி. அவர் கப்பலுக்குத் துடுப்புப் போட்டவன் பேர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?” என வினவினார்.

கைதட்டல் அடங்கிற்று. எமக்கு விடை தோன்றவில்லை. நூல்களைப் பார்த்துச் சொல்வதாக அவ்வக்காவுக்கு வாக்களித்து வீடு திரும்பினோம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எமக்கு ஏதன்ஸ் நகரத்துப் பெரிக்கிளீசையும் உரோமாபுரிச் சீசரையும் தெரியும். வடக்கே ஓர் இரவுப் பயணத் தொலைவிலுள்ள கடாரத்தைத் தெரியாது. அந்நாணமே எம்மைப் படிக்கச் செய்தது. படித்ததை இங்கே தருகின்றோம்.

கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலமே என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிவு. அம்மாநிலத்தின் தென்பகுதியில் ஜெராய் மலை கடலோரத்தில் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. திசை காட்டும் கருவிகள் இல்லாத நாளில், வங்கக் கடலைக் கடந்துவரும் மாலுமிக்கு அம்மலையே கலங்கரை விளக்கம். மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடையே, மெர்போக் ஆற்றின் கரைகளில் பரந்து கிடப்பது பூஜாங் பள்ளத்தாக்கு. பருவக் காற்றை நம்பி ஓடிய கப்பல்கள் அங்கே ஒதுங்கி, அடுத்த காற்று வரும்வரை காத்திருந்தன. காத்திருந்த இடத்தில் சந்தை பிறந்தது. சந்தை பெருகிய இடத்தில் ஊர் பிறந்தது. பட்டினப்பாலை, புகார்த் துறையில் வந்து குவிந்த பண்டங்களுள் காழகத்துப் பொருளையும் சேர்த்துக் கூறுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என உரை கண்டார் நச்சினார்க்கினியர். சீனத்துப் பௌத்தத் துறவி இ-சிங், 671-ஆம் ஆண்டில் தம் நாட்டைவிட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, வழியில் கடாரத்தில் தங்கிச் சென்றார்.

இனி, அக்காவின் வினாவுக்கு வருவோம். மன்னரல்லாதார் பெயர் எங்கேனும் உண்டா? உண்டு, தோழர்களே!

1834-ஆம் ஆண்டில், ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி, இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. பௌத்தத் தூபி ஒன்றின் உருவமும், தன் பயணம் நலமே முடியவேண்டும் என்னும் ஒரு மாலுமியின் வேண்டுதலும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. அம்மாலுமியின் பெயர் புத்தகுப்தன். ஊர் இரத்தமிருத்திகை, வங்காளத்தில் உள்ளது. அரசன் அல்லன் அவன். கடலை அஞ்சி, கடலையே நம்பி வாழ்ந்த கப்பல் தலைவன். அவன் கல் இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாவட்டத்துக் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் மற்றொரு கல் கிடைத்தது. பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் சிறு கல் அது. அது பெரும்பத்தன் என்பவனுடைய கல் என்று தமிழ் எழுத்தில், தமிழ் மொழியில் எழுதியிருக்கிறது. காலம் 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்பர். பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும் சொல். ஆகவே, இத்தீபகற்பத்திற் கிடைத்த மிகப் பழைய தமிழெழுத்துகளுள் ஒன்று ஒரு தொழிலாளியின் கருவியில் இருக்கிறது! வாளிலன்று, முடியிலன்று, உரைகல்லில்.

அதே நாட்டில் தகுவாபா என்னும் ஊரருகே, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உளது. அது கூறுவது போரையா? இல்லை. அவனிநாரணம் எனப் பெயரிட்டு வெட்டப்பட்ட குளம் ஒன்றையும், மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுவின் பாதுகாப்பில் அது விடப்பட்டதையும் கூறுகிறது. சுமத்திராத் தீவின் மேற்கரையில் பாரூசுக்கு அருகே, 1088-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டொன்று ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைப் பேசுகிறது. குளமும் கடையும் உரைகல்லும் வேண்டுதலும், இவையே அந்நாளைய கடல்கடந்த வாழ்வு.

போரும் நடந்தது, அதனை மறைத்தல் தகாது. ஆயின் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட வேந்தன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுப்பித்தான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை 1006-ஆம் ஆண்டளவில் அளித்தவன் முதலாம் இராசராசன். சைவ மன்னன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்தான். கடலுக்கப்பாலுள்ள மன்னன் சோழநாட்டுத் துறைமுகத்தில் கட்டடம் எழுப்பினான். இதனைக் கூறும் செப்பேடு நெடுங்காலம் நெதர்லாந்து நாட்டின் இலைடன் நகரில் இருந்தமையால் இலைடன் செப்பேடு எனப் பெயர் பெற்றது.

இருபது ஆண்டு செல்லுமுன், 1025-ஆம் ஆண்டில், இராசராசனுடைய மகன் இராசேந்திரன் கப்பற்படை அனுப்பிக் கடார வேந்தன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தான். யானைகளையும், குவித்து வைத்த பெருநிதியையும், வாயில் தோரணத்தையும் கவர்ந்ததாக அவன் மெய்க்கீர்த்தியே கூறுகிறது. அவ்வளவே. இந்நாட்டில் நிலைத்த சோழர் ஆட்சி ஏற்படவில்லை. 1090-ஆம் ஆண்டில் கடாரத்துத் தூதர் மீண்டும் சோழன் அவைக்கு வந்தனர். அவர்கள் வேண்டுகோளின்படி முதலாம் குலோத்துங்கன் நாகை விகாரத்து ஊர்களுக்கு வரி நீக்கம் அளித்தான். போர் ஒரு பருவத்தில் முடிந்தது. போக்குவரவோ பல நூற்றாண்டு நீடித்தது. ஒரு பருவத்துக் கொள்ளையைக் கொடியாகப் பிடித்து, நூற்றாண்டுகளின் நட்பைச் சுருட்டி வைத்தல் அறிவுடைமை ஆகுமா?

இன்னொரு மயக்கமும் உண்டு. 1936, 1937 ஆண்டுகளில் பூஜாங் பள்ளத்தாக்கை அகழ்ந்த குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர், இவையெல்லாம் இந்தியர் வந்து குடியேறி நிறுவியவை என எண்ணினார். இங்கே வாழ்ந்தோர் வெறுங்கையோடு இருந்தனர், எல்லாம் வெளியிலிருந்தே வந்தன என்னும் அக்கருத்து, வெள்ளையர் ஆட்சிக்கும் ஏற்றதாய் இருந்தது. நம் செவிக்கும் இனித்தது. இன்றைய ஆராய்ச்சியாளர் அதனை ஏற்பதில்லை. மெர்போக்கிலுள்ள புக்கிட் பாத்து பகாட் கோயிலைப் பாருங்கள். அதன் அமைப்பில் விமானமும் மண்டபமும் உண்டு. அது நம் நாட்டு முறை. ஆனால் மண்டபத்துக் கல்லடிகளில் மரத்தூண் நிறுத்தும் குழிகள் உள்ளன. கூரை கல்லால் ஆனதன்று. மழை மிகுந்த நாட்டில் மரத்தாற் கட்டும் திறம் இந்நாட்டினருடையது. இருவர் கைகளும் சேர்ந்தன்றோ அக்கோயிலை எழுப்பின?

2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியற் பல்கலைக்கழகத்தார் சுங்கை பாத்துவில் அகழ்ந்தபோது, செம்பனைக் காட்டுக்கடியில் இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்றூதும் மட்குழாய்கள் குவியல் குவியலாகவும், படகுத்துறைகளும், செங்கற் கட்டடங்களும் வெளிப்பட்டன. அவற்றுட் சில எத்துணைப் பழமையானவை என்பதில் அறிஞரிடையே இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் கோயிலுக்குச் செல்வம் தந்தது உலை என்பதிலும், உலையருகே நின்றவன் தொழிலாளி என்பதிலும் வாதமில்லை. 2024-ஆம் ஆண்டில் ஜெராய் மலைக்கு வடக்கே புக்கிட் சோராசில் சுதையாலான பழைய புத்தர் உருவமும் கிடைத்தது. மண் இன்னும் பேசிக்கொண்டேயிருக்கிறது.

மண் பேசுகிறது, மனிதன் கேட்கிறானா? இங்கேதான், தோழர்களே, எம் நெஞ்சு கனக்கிறது.

நாகப்பட்டினத்தில், பழைய பௌத்தப் பள்ளியின் எச்சம் எனக் கருதப்பட்ட செங்கற் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலும் நின்றது. கடலோடிகள் அதனைத் தொலைவிலிருந்து கண்டு கரை அறிந்தனர். கல்லூரிக் கட்டடத்துக்கு இடம் வேண்டும் என்று, அன்றைய அரசின் இசைவோடு 1867-ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. இது கடலின் அக்கரையில் நடந்தது.

இக்கரையில் நடந்ததைக் கேளுங்கள். மலாய் மொழியில் பழங்கோயிலைச் சண்டி என்பர். பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண்ணிட்ட சண்டி, சுங்கை பாத்துத் தோட்டத்தில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது எனப்பட்ட அதன் அடித்தளம், வீட்டுமனைக்கு நிலம் செப்பனிடுகையில் இயந்திரத்தால் அழிக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில் செய்தி வெளியாயிற்று. நிலம் தனியாருடையது. மரபுடைமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டிலேயே வந்திருந்தும், அவ்விடம் அரசிதழில் அறிவிக்கப்பெறவில்லை. இனத்தார் பலரும் அன்று கொதித்தனர். கொதித்ததில் தவறில்லை. ஆனால் இடிபடுமுன் அதனைச் சென்று கண்டவர் நம்மில் எத்துணைப் பேர்? பெயரளவிலேனும் அறிந்தவர் எத்துணைப் பேர்? காணாததைக் காக்க இயலுமா?

இவ்வாறு பிறரை வினவும் உரிமை எமக்கு உண்டா என்பதையும் சொல்லிவிடுதல் வேண்டும். சில ஆண்டுகட்கு முன், யாம் அந்நாளிற் பணியாற்றிய தோட்டமொன்றில், அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறிற்று. பழைய அறையின் மூலையில், கரையான் பாதி அரித்த செக்ரோல் புத்தகங்கள் அடுக்கடுக்காய்க் கிடந்தன. போருக்கு முற்பட்டனவும் அவற்றுள் இருந்தன. “வேண்டாதவற்றைக் கொளுத்திவிடுங்கள்” என்றார் மேலாளர். கொளுத்தினவர் யாரோ அல்லர், யாமே. எரியும்போது ஒரு புத்தகம் தானே விரிந்தது. வரிசை வரிசையாய்ப் பெயர்கள், வேலை செய்த நாளுக்கு ஒரு கோடு, கூலி, கழிவு. சில பெயர்கள்மேல் சிவப்பு மையால் அடித்திருந்தது. இறந்தவரோ, ஓடிப்போனவரோ, 1942, 1943 ஆண்டுகளில் சப்பானியர் சயாம் மரண ரயிற்பாதைக்குக் கொண்டுசென்றவரோ, யார் அறிவார்! அப்பாதையில் மாண்ட மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவருக்கு நெடுங்காலம் நடுகல் இல்லாதிருந்தது. பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை. பெயர் இருந்த ஏட்டையோ யாம் எம் கையால் எரித்தோம். அன்று அது குப்பையாகத் தோன்றிற்று. பெரும்பத்தன் கல்லைப் பற்றிப் படித்த இரவிலேதான் அது என்னவென்று விளங்கிற்று.

துடுப்புப் போட்டவன் பேர் எழுதியிருக்கிறதா என்றார் அக்கா. சோழன் கப்பலுக்குத் துடுப்புப் போட்டவன் பெயரைக் கல்வெட்டு எழுதாமல் விட்டது மன்னன் குறை. நம் பாட்டன் பெயரை எழுதிவைத்த ஏட்டை நாமே எரிப்பது யார் குறை?

நாகப்பட்டினம் என்ற பெயரை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். கடார வேந்தன் விகாரம் எடுத்த அதே துறையிலிருந்துதான், எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு கழித்து, கங்காணி பின்னே வந்த நம் முன்னோர் கப்பலேறினர். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் பால்மரம் நட்டார். பின்னர் நம் லேடாங் மலைக்கு அண்மையிலுள்ள புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அக்காடுகளின் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடுக்கும்வரை கப்பல்கள் ஆளை ஏற்றிவந்து பினாங்கில் இறக்கின. பழைய மாலுமி கண்ட அதே ஜெராய் மலையை, தட்டுத்தளத்தில் நெருங்கிக் கிடந்த நம் பாட்டியும் வடக்கே கண்டிருத்தல் கூடும். அவளுக்கு அதன் பெயர் தெரியாது. தன் முன்னோர் வந்த வழியே தானும் வருகிறோம் என்பதும் தெரியாது. அதனை இன்று அறிந்துகொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

ஆகவே எமது முடிவு: கிரேக்கம் இருக்கட்டும், எகிப்து இருக்கட்டும், தஞ்சைக்கும் ஒரு நாள் போவோம். இவ்விளவேனிலிற் கடாரம் காண்போம்.

சித்திரையின் நடுவில் மே முதல் நாள் வருகிறது. தொழிலாளர் நாளாகிய அதனையொட்டி மூன்று நாள் எடுத்தாற் போதும். தங்காக்கிலிருந்து சுங்கை பட்டாணிக்கு நெடுஞ்சாலை வழியே ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சிற்றுந்து வாடகைக்கு எடுத்து இரவிற் புறப்பட்டால் விடியலில் சேரலாம். ரயிலை விரும்புவோர் கிம்மாஸ் சென்று ஏறலாம். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. இப்போதே திங்கள்தோறும் சிறு சீட்டுக் கட்டிச் சேர்த்தால் குடும்பத்துக்குச் சுமை தெரியாது. அப்பருவத்தில் கெடாவிற் பிற்பகல் இடிமழை உண்டு. ஆதலின் வெளியிற் பார்ப்பனவற்றைக் காலையிலேயே முடித்தல் நன்று.

முதல் நாள் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சியகமும், அதனருகே புக்கிட் பாத்து பகாட் கோயிலும். வேறிடங்களிலிருந்து பெயர்த்து வந்து மீண்டும் அடுக்கிய கோயில்களும் காட்சியக வளாகத்தில் உள்ளன. எது இருந்த இடத்தில் இருப்பது, எது கொண்டுவந்தது எனக் குழந்தைகளைக் கேட்டறியச் செய்க. இரண்டாம் நாள் காலை சுங்கை பாத்துவின் உலைக்களமும் படகுத்துறையும். பின்னர் ஜெராய் மலையேறிக் கடலை நோக்குதல். மூன்றாம் நாள் பினாங்குத் துறை. நம்மவர் பலரை நோய்க் காப்புக்காக நிறுத்திவைத்த ஜெரேஜாக் தீவையும் கரையிலிருந்து காணலாம். உலைக்களத்திலிருந்து கப்பற்றுறைக்கு வந்து சேரும்போது, இரண்டும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பது தானே விளங்கும்.

மூன்று நெறிகளை வேண்டுகின்றோம். ஒன்று: கொடி வேண்டா. விருந்தினராய்ச் செல்வோம், அங்குள்ள மலாய் உடன்பிறப்புகளுடைய முன்னோர் உழைப்பும் அம்மண்ணில் கிடக்கிறது. இரண்டு: ஒரு செங்கல்லையும் தொடலாகாது, நினைவுக்கென ஓர் ஓட்டுத்துண்டையும் எடுத்தலாகாது. மூன்று: ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எழுதிக்கொண்டு வரல்வேண்டும். பாட்டன் பாட்டி பெயர், புறப்பட்ட ஊர், இறங்கிய துறை, உழைத்த தோட்டம், தெரிந்த அளவுக்கு ஆண்டு. முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுக. அத்தாள்களைத் திரட்டி இரண்டு படி எடுத்து, ஒன்றைத் தங்காக்கிலும் மற்றொன்றை வேறோர் ஊரிலும் வைப்போம். ஒன்றைக் கரையான் தின்றாலும், எம்போன்ற கிராணி எவரேனும் கொளுத்தினாலும், மற்றொன்று இருக்கும்.

இவ்விடையைச் சென்ற ஞாயிறன்று அக்காவிடம் கூறினோம். ஏடெரித்த செய்தியையும் மறைக்கவில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “எரிந்தது எரிந்துபோச்சு, தம்பி. எங்க அப்பாயி பேரு எனக்குத் தெரியும். தாளை எடுங்க, எழுதுங்க” என்றார்.

எழுதினோம். முதற் பெயர் எழுதியாயிற்று. அடுத்த பெயர் உங்களுடையதாகுக.